புரத நுண்மணிக்குள் மருந்தைப் பிடித்து வைத்திருப்பது எது?

திருவொற்றியூரில் வசிக்கும் பி.ஃபார்ம் இறுதியாண்டு மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டில் இருக்கும் 12 வயதுச் சிறுவனுக்கு வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அவனுக்குப் பெனிட்யூர் என்ற பெனிசிலின் ஊசி போட்டுவருகிறார்கள். அந்த ஊசியின் வலியையும், ஒவ்வொரு முறையும் அவன் தாய் இழக்கும் ஒரு நாள் கூலியையும் பார்த்த பிறகே, உடலுக்குள் தானாகச் சிதைந்து நீங்கும் புரத நுண்மணிகளைப் பற்றி இவர் படிக்கத் தொடங்கியிருக்கிறார். அல்புமின், ஜெலட்டின் போன்ற புரதங்களால் ஆன மணி, மருந்தை வாரக்கணக்கில் எப்படித் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது? பெனிசிலினை அத்தகைய மணிக்குள் வைத்து மூன்று மாதத்துக்கு ஒரே ஊசியாகப் போட முடியுமா? கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் கருவிகளைக் கொண்டு இதில் உருப்படியான ஓர் ஆய்வைச் செய்ய முடியுமா? இவையே அவருடைய கேள்விகள்.

மருந்தாக்கவியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கே அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். அதற்கு விடை தெளிந்துவிட்டால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமே தெளிந்துவிடும். புரதச் சங்கிலிகள் பின்னிய வலையின் கண்கள் மிகச் சிறியவை என்பதால் மருந்து அவற்றினூடே மெல்ல நழுவி வெளியேறுகிறது என்றுதான் மாணவர்கள் பலரும் புரிந்துகொள்கிறார்கள். பாடநூல்களில் உள்ள படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. நீரில் ஊறும் புரத மணியைப் பொறுத்தவரை இந்த விளக்கம் போதாது. மருந்துக்கும் புரதத்துக்கும் இடையே உள்ள பிணைப்பே மருந்தை நிறுத்தி வைக்கிறது. உடலின் நொதிகள் அந்தப் புரதத்தை அறுக்கும் வேகமே மருந்து வெளிவரும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. நான் சொல்ல வந்ததன் சாரம் இவ்வளவுதான். இதற்கான காரணத்தையும், இதிலிருந்து கிடைக்கும் செயல்முறை முடிவுகளையும் இனி விரிவாகச் சொல்கிறேன்.

நுண்மணி என்று இங்கே குறிப்பிடுவது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை விட்டமுள்ள உருண்டைகளை. 10 மைக்ரானுக்குக் கீழே போனால் திசுவில் உள்ள பெருவிழுங்கு செல்கள் மணியை முழுதாக விழுங்கிவிடும். 100 மைக்ரானைத் தாண்டினால், ஏறத்தாழ 0.34 மில்லிமீட்டர் உள்விட்டம் மட்டுமே உள்ள 23 கேஜ் ஊசிக்குள் மணிகள் ஒன்றோடொன்று முட்டி அடைத்துக்கொள்ளும். மானிட்டால், கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ் முதலியவை கலந்த நீரில் இம்மணிகளைக் கலக்கித் தசையிலோ தோலுக்கடியிலோ செலுத்துகிறார்கள். இரத்த நாளத்துக்குள் செலுத்தினால், 7 முதல் 10 மைக்ரான் அகலமே உள்ள நுரையீரல் நுண்குழாய்களில் அவை சிக்கிக்கொள்ளும். அவ்வாறு சிக்குவதையே பயனாக்கி, டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிய அல்புமின் துகள்களை நாளத்தில் செலுத்தி நுரையீரலின் இரத்த ஓட்டத்தைப் படம் பிடிக்கும் முறை அணு மருத்துவத்தில் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அத்துகள்களும் 10 முதல் 90 மைக்ரான் வரை இருப்பவையே. செலுத்தப்படும் எண்ணிக்கை சில லட்சங்களுக்குள் கட்டுப்படுத்தப்படுவதாலும், சில மணி நேரத்தில் அவை சிதைந்து நீங்கிவிடுவதாலும் நோயாளிக்குப் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. புரதத் துகள் மனித உடலில் சிதைந்து மறையும் என்பதற்கு இது நெடுங்காலச் சான்று. அதே சமயம், இறுகப் பிணைக்காத அல்புமின் துகள் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பதையும் இது காட்டுகிறது.

இப்போது ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணியின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு மூலக்கூறு பரவி வர ஆகும் காலம், ஆரத்தின் வர்க்கத்தைப் பரவல் கெழுவால் (மூலக்கூறு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதைக் குறிக்கும் எண்) வகுத்தால் கிடைக்கும் எண்ணை ஒட்டி இருக்கும். நீரில் ஊறி 50 மைக்ரான் விட்டத்துக்கு உப்பிய ஒரு ஜெலட்டின் மணியை எடுத்துக்கொள்வோம். சிறு மருந்து மூலக்கூறுக்கு நீரில் பரவல் கெழு, நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரின் ஏறத்தாழ 2 லட்சத்தில் ஒரு பங்கு. மணிக்குள் இருக்கும் புரத வலை அதை 50 மடங்கு குறைத்துவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், கெழு ஒரு கோடியில் ஒரு பங்காகும். ஆரமோ 25 மைக்ரான். வகுத்துப் பார்த்தால் விடை ஒரு நிமிடம். 21 நாள் என்பது ஏறத்தாழ 18 லட்சம் நொடி. அவ்வளவு காலம் மருந்து உள்ளே நிற்க வேண்டுமானால், பரவல் கெழு மேலும் 30,000 மடங்கு குறைய வேண்டும். வலையை எத்தனை நெருக்கமாகப் பின்னினாலும், நீரை உறிஞ்சி உப்பும் தன்மையுள்ள புரத மணியில் இவ்வளவு தடையை உண்டாக்குவது நடவாத காரியம். எளிதில் கரையும் சிறு மருந்தை வெறும் ஜெலட்டின் மணிக்குள் வைத்துவிட்டு, முதல் ஒரு மணி நேரத்திலேயே முக்கால் பங்கு வெளியேறிவிட்டது என்று வருந்தும் ஆய்வேடுகளின் பின்னணி இதுதான். அதைத் தொடக்கப் பாய்ச்சல் என்று பெயரிட்டு ஒரு குறையாக எழுதுகிறார்கள். உண்மையில் அந்த மருந்தை உள்ளே நிறுத்த அங்கே எதுவுமே இல்லை.

மருந்தை நிறுத்தி வைக்க என்னென்ன வழிகள் உண்டு என்று பார்த்தால், முதலாவது வழி கரையாமை. அந்தச் சிறுவனுக்குப் போடும் பெனிட்யூரே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெனிசிலின்-ஜி மருந்தை பென்சதீன் என்ற காரத்தோடு சேர்த்து உப்பாக்கியபோது, நீரில் மிகக் குறைவாகவே கரையும் படிகம் கிடைத்தது. அந்தப் படிகத் தூளைத் தசையில் செலுத்தினால், அது கரையக் கரைய இரத்தத்தில் சேருகிறது. மூன்று, நான்கு வாரம் வரை குறைந்த அளவில் பெனிசிலின் நிற்கிறது. மணி எதுவும் இல்லாமலேயே இது நடக்கிறது.

இரண்டாவது வழிதான் புரத மணிகளின் உயிர்நாடி. அது மின்னூட்டத்தாலும் நீர்வெறுப்பாலும் ஏற்படும் பிணைப்பு. டென்மார்க்கைச் சேர்ந்த ஹாகெடோர்ன் 1936-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. மீன் விந்தணுவில் இருக்கும் புரோட்டமின் என்ற புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். ஆகவே அது வலுவான நேர்மின்னூட்டம் கொண்டது. இன்சுலினின் சமமின் புள்ளி, அதாவது அதன் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகும் அமிலகார நிலை, 5.3 அளவில் இருப்பதால், உடலின் 7.4 அமிலகார நிலையில் அது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். இரண்டையும் கலந்தால் இணைந்து வீழ்படிவாகின்றன. தோலுக்கடியில் அந்த வீழ்படிவு மெல்லக் கரைந்து இன்சுலினை விடுவிக்கிறது. 1946-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த என்.பி.ஹெச். இன்சுலின் இன்றைக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படுகிறது. காசிமேட்டில் நாள்தோறும் மீன் அறுக்கும் கைகளுக்கு, சால்மன் போன்ற மீன்களின் விந்துப்பையிலிருந்து எடுத்த புரதம் எத்தனையோ சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினைத் தாங்கி நிற்கிறது என்பது தெரிந்தால் நிச்சயம் மகிழ்ச்சி அடைவார்கள்.

இதே கருத்தை மணிக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இகாடாவும் தபாட்டாவும். கொலாஜனைக் காரத்தில் ஊற வைத்துப் பெறும் ஜெலட்டின் பி-வகை எனப்படும். அதன் சமமின் புள்ளி 5-ஐ ஒட்டியது. அமிலத்தில் ஊற வைத்துப் பெறும் ஏ-வகைக்கு அது 7 முதல் 9 வரை இருக்கும். காரத் தன்மையுள்ள வளர்ச்சிக் காரணிப் புரதங்களை பி-வகை மணிகள் மின்னூட்டத்தால் பற்றிக்கொள்ளும். மணியின் ஜெலட்டின் நொதிகளால் சிதையும்போதுதான் அவை விடுபடும். மணி எத்தனை நாளில் மறைகிறதோ அத்தனை நாள் மருந்தும் வெளிவந்துகொண்டிருக்கும். இந்த ஒழுங்கு மிக அழகானது. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் மணி தசையில் தங்கிக் கிடக்கும் நிலையோ, மணி கரைந்துபோய் மருந்து ஒரேயடியாகக் கொட்டும் நிலையோ இதில் ஏற்படுவதில்லை.

மூன்றாவது வழி, மருந்தைப் புரதத்தோடு வேதிப் பிணைப்பாலேயே கட்டிவிடுவது. இதில் மருந்தின் வடிவமே மாறிவிடக்கூடும் என்பதால் மிகுந்த கவனம் தேவை. இரண்டாவது கேள்விக்கான விடையில் இந்த ஆபத்துதான் முன்னால் வந்து நிற்கிறது.

பெனிசிலினை அல்புமின் மணிக்குள் வைக்கலாமா? கூடாது என்பதே என் திட்டமான கருத்து. அதற்கு வலுவான காரணங்கள் இரண்டு. ஒன்று, அளவு. அந்தச் சிறுவன் வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒருமுறை போடும் 12 லட்சம் யூனிட் என்பது ஏறத்தாழ 900 மில்லிகிராம் மருந்து. மூன்று மாதத்துக்கு நான்கு முறை என்று வைத்தால் 3.6 கிராம். மணியின் எடையில் 20 விழுக்காடு மருந்து ஏறினாலே நல்ல சுமை என்று கருதுகிறோம்; அப்படியானால் 18 கிராம் மணிகளைச் செலுத்த வேண்டும். நீரில் ஊறிய பிறகு அதன் கன அளவு இன்னும் பல மடங்காகும். ஒரு தசையில் 5 மில்லிலிட்டருக்கு மேல் செலுத்துவதே கடினம் என்னும்போது இது எண்ணிப் பார்க்கவே முடியாத அளவு. இதற்கு மாறாக, புரோஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் லியூப்ரோலைடு மாத ஊசியில் மருந்து 3.75 மில்லிகிராம் மட்டுமே. அதைத் தாங்கும் பொருளையும் சேர்த்தால்கூட 40 மில்லிகிராமைத் தாண்டாது. நாள் ஒன்றுக்கு மிகச் சிறிய அளவே போதுமான, வீரியம் மிக்க மருந்துகளுக்குத்தான் நுண்மணி பொருந்தும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பெனிசிலினின் பீட்டா-லாக்டம் வளையம், புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோ முனையைக் கண்டால் திறந்து அதனோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் பெனிசிலாயில் புரதம்தான் பெனிசிலின் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் பொருள். ஒவ்வாமைச் சோதனைக்குத் தோலில் இடும் பொருள்களில் ஒன்றும் பெனிசிலாயில் பிணைத்த பாலிலைசின்தான். மனித அல்புமினின் 585 அமினோ அமிலங்களில் 59 லைசின். பெனிசிலினை அந்தப் புரதத்தோடு வாரக்கணக்கில் ஈரத்தில் சேர்த்து வைப்பது, மருந்தின் ஒரு பகுதியை வீணாக்குவதோடு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருளைத் தயாரித்துத் தசையில் வைப்பதற்குச் சமம். பெனிசிலினுக்கு ஒவ்வாமை மிகக் கடுமையாகவும், அரிதாக உயிருக்கு ஆபத்தாகவும் வரக்கூடியது என்பதால், இந்தத் திசையில் யாரும் முயல வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தச் சிறுவனின் குடும்பத்தாரிடம், நெடுநாள் ஊசி வரப்போகிறது என்ற நம்பிக்கையில் ஒரு தவணையைக்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தவணை தவறும் இடைவெளியில் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தால், வாதக் காய்ச்சல் திரும்பி வால்வை மேலும் கெடுக்கும். வலியைப் பொறுத்தவரை, மருந்தை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, நிதானமாகச் செலுத்தினால் ஓரளவு குறையும்; இதை ஊசி போடும் செவிலியரிடமே தயங்காமல் கேட்கலாம்.

இனி மணி செய்யும் முறையைப் பார்ப்போம். புரதக் கரைசலை எண்ணெயில் ஊற்றி வேகமாகக் கலக்கினால் சிறு துளிகளாகப் பிரியும். அந்தத் துளிகளைக் கெட்டிப்படுத்தினால் மணி. கலக்கும் வேகம், கரைசலின் பிசுபிசுப்பு, எண்ணெய்க்கும் கரைசலுக்கும் உள்ள விகிதம், சேர்க்கும் பரப்புவினைப் பொருள் ஆகியவை துளியின் அளவை நிர்ணயிக்கின்றன. அல்புமினைக் கெட்டிப்படுத்தும் எளிய வழி வெப்பம். சூடான எண்ணெயில் விழுந்த முட்டையின் வெள்ளைக்கரு எப்படி இறுகி வெண்மையாகிறதோ அப்படித்தான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் பல நாள் தாங்கும் இறுக்கத்துக்கு 100 பாகை செல்சியஸுக்கு மேலேயே போக வேண்டியிருப்பதால், வெப்பம் தாங்காத மருந்துகளுக்கு இந்த வழி உதவாது.

அடுத்த வழி குறுக்குப் பிணைப்பு. மிகுதியாகப் பயன்படுவது குளூட்டரால்டிஹைடு; மருத்துவமனைகளில் உள்நோக்கிக் கருவிகளைத் தூய்மையாக்கும் அதே வேதிப்பொருள். அது இரண்டு லைசின் முனைகளைப் பிடித்துப் பாலம் போடுகிறது. பிணைப்பு அதிகமானால் நொதிகள் புரதத்தை அறுக்கும் வேகம் குறையும்; மணி அதிக நாள் நிற்கும். சிக்கல் என்னவென்றால், அமினோ தொகுதி உள்ள மருந்து எதுவாக இருந்தாலும் குளூட்டரால்டிஹைடு அதையும் சேர்த்துக் கட்டிவிடும். டாக்சோருபிசினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அமினோ தொகுதிகள் உண்டு. மருந்தைச் சேர்த்த பிறகு பிணைப்பதா, பிணைத்துக் கழுவிய வெறும் மணியில் பிறகு மருந்தை ஊற வைப்பதா என்ற தேர்வு இதனால் மிக முக்கியமானதாகிறது. என்னைக் கேட்டால், புரத மருந்துகளுக்கு எப்போதும் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். மீந்த ஆல்டிஹைடு திசுவை எரிச்சலூட்டும் என்பதால், கிளைசின் கரைசலில் கழுவி அதைச் செயலிழக்கச் செய்வதையும் விட்டுவிடக் கூடாது.

இதே குறுக்குப் பிணைப்பைச் செய்யும் இன்னொரு பொருள், கார்டீனியா கனியிலிருந்து பெறும் ஜெனிபின்; அது குளூட்டரால்டிஹைடைவிட மிகக் குறைந்த நச்சுத்தன்மை உடையது, அமினோ தொகுதியோடு சேரும்போது ஆழ்ந்த நீல நிறம் தரும், விலைதான் அதிகம். பட்டு இழையின் புரதமான ஃபைப்ராயினோ வேறு பாதையில் செல்கிறது. அதன் சங்கிலிகள் நீராவியாலோ மெத்தனாலாலோ பீட்டா-தகடுகளாக அடுக்கப்பட்டு, வேதிப்பொருள் எதுவும் இன்றியே கரையாத நிலையை அடைகின்றன. பட்டிழையைப் போர்த்தியிருக்கும் செரிசின் என்ற பசையை நன்றாக நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அழற்சி வரலாம். தர்மபுரியில் கூடு விற்கும் சந்தையும் காஞ்சிபுரத்தில் தறியும் உள்ள மாநிலத்தில், பட்டுப் புரதத்தை மருந்துத் தாங்கியாகப் பயன்படுத்தும் ஆய்வு இன்னும் பல கல்லூரிகளில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

இவ்வளவு நல்ல பண்புகள் இருந்தும், சந்தையில் உள்ள நெடுநாள் நுண்மணி ஊசிகளில் பெரும்பாலானவை ஏன் பி.எல்.ஜி.ஏ. என்னும் செயற்கைப் பலபடியால் ஆனவை என்று நீங்கள் கேட்கலாம். அது லாக்டிக் அமிலமாகவும் கிளைகாலிக் அமிலமாகவும் சிதைவது. எங்கே செய்தாலும் ஒரே மாதிரி வருவது. உடலின் எதிர்ப்பாற்றலுக்குப் புரதம் போல அடையாளம் தராதது. முன்பு சொன்ன லியூப்ரோலைடு மாத ஊசியின் 7.5 மில்லிகிராம் வடிவம் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2003-இல் ரிஸ்பெரிடோனும், 2006-இல் நால்ட்ரெக்சோனும் அதே வழியில் வந்தன. ஆனால் சிதையும் பி.எல்.ஜி.ஏ. மணியின் உட்புறம் கடும் அமிலமாக மாறிவிடுவதால், புரத மருந்துகள் அங்கே உருக்குலைந்துவிடும். மனித வளர்ச்சி ஹார்மோனைத் துத்தநாகத்தோடு பிணைத்து பி.எல்.ஜி.ஏ. மணியில் வைத்த ஓர் ஊசி 1999-இல் அனுமதி பெற்று, 2004-இல் நிறுத்தப்பட்டது. அந்த லியூப்ரோலைடு ஊசியிலும் மருந்தோடு 1.3 மில்லிகிராம் ஜெலட்டின் சேர்க்கப்பட்டிருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செயற்கைப் பலபடியின் நடுவிலும் புரதத்துக்கு ஒரு வேலை இருந்திருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே நீக்கிவிடுகிறேன். 2005-இல் அனுமதி பெற்ற அல்புமின் பிணைந்த பாக்லிடாக்செல் ஊசியை நெடுநாள் மருந்துக்கு எடுத்துக்காட்டாக மாணவர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதன் துகள்கள் ஏறத்தாழ 130 நானோமீட்டர். இரத்தத்தில் கலந்ததும் அவை விரைவில் பிரிந்துவிடும். கரையாத மருந்தைக் கரைப்பான் இன்றிச் செலுத்துவதே அதன் பயன்; மெதுவாக விடுவிப்பது அதன் நோக்கமே இல்லை.

புரத மணிகளுக்கு உண்மையான தடைகள் மூலப்பொருளில் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் மலிவாகக் கிடைக்கும் மாட்டு அல்புமின் மனித உடலுக்கு அயல் புரதம். மனிதருக்கான ஊசியில் அதை நினைக்கவே கூடாது. மனித அல்புமின் என்றால் 60 பாகையில் 10 மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. பெரம்பூர் ஆட்டுத்தொட்டி பக்கம் போய்வருகிறவர்களுக்கு அந்த மூலப்பொருள் புதிதல்ல. ஆனால் அங்கிருந்து ஊசிக்குரிய ஜெலட்டின் வரை உள்ள தூரம் பெரிது. பாக்டீரியா அகநச்சு ஜெலட்டினில் எளிதில் தங்கிவிடும். ஊசி மருந்தில் அது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு மணி நேரத்தில் 5 யூனிட்டைத் தாண்டக் கூடாது. செய்து முடித்த மணியை நீராவியில் அவிக்கவும் முடியாது, காமாக் கதிர் பட்டால் புரதச் சங்கிலிகளே மாறக்கூடும். ஆகவே தொடக்கம் முதல் கிருமியற்ற சூழலில் செய்ய வேண்டியிருக்கிறது. மாடா, பன்றியா, மீனா என்ற மூலத்தை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய கடமையும் இதில் அடங்கும். பல சமயத்தவர் ஒரே தெருவில் வாழும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை போன்ற இடங்களில் மருத்துவம் பார்க்கிறவர்கள் இதை ஒரு சிறு விஷயமாக ஒதுக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்ய முடியும்; பெனிசிலினை விட்டுவிட்டு லைசோசைமை மாதிரி மருந்தாக எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெள்ளைக்கருவிலிருந்து பெறப்படும் இந்த நொதியின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 14,300; சமமின் புள்ளி 11-ஐ ஒட்டியது. ஆகவே பி-வகை ஜெலட்டின் அதை நன்றாகப் பற்றும், ஏ-வகை அவ்வளவாகப் பற்றாது. இரண்டு வகையிலும் மணி செய்து ஒப்பிட்டால், மருந்தை நிறுத்துவது வலையா பிணைப்பா என்ற கேள்விக்கு உங்கள் கண் முன்னே விடை கிடைத்துவிடும். உணவுக்கென்று கடையில் விற்கும் ஜெலட்டினை வாங்காதீர்கள். அது எந்த வகை என்பதே பல நேரங்களில் தெரியாது. வகையும், ஜெலட்டின் உறையும் வலிமையைக் குறிக்கும் புளூம் எண்ணும் அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து, பாரிமுனைப் பக்கம் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டு வாங்குங்கள்.

10 விழுக்காடு ஜெலட்டின் கரைசலை 40 பாகையில் வைத்து, அதே வெப்பத்தில் உள்ள சுத்திகரித்த கடலை எண்ணெயில் ஊற்றிக் கலக்கி, பிறகு பனிக்கட்டித் தொட்டியில் வைத்து 15 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் அறை வெப்பமே ஜெலட்டின் உருகும் நிலைக்கு மிக அருகில் இருக்கும். ஆகவே குளிர்வித்த அசிட்டோனில் மணிகளைக் கழுவி நீரை அகற்றும் வரை பனிக்கட்டி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சூடேறினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். உலர்ந்த மணிகளை 53, 106 மைக்ரான் சல்லடைகளில் சலித்து நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். அவற்றை வெவ்வேறு செறிவுள்ள குளூட்டரால்டிஹைடில் குளிர்நிலையில் ஓர் இரவு பிணைத்து, கிளைசினில் கழுவி, மீண்டும் உலர்த்திய பிறகே லைசோசைம் கரைசலில் ஊற வையுங்கள். உப்பிய மணியின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளந்து குறிப்பதை மறக்க வேண்டாம். உலர் நிலையில் 60 மைக்ரானாக இருந்தது ஊறிய பின் 150 மைக்ரானாகிவிட்டால், ஊசி வழியே போகாது.

பிணைப்பின் அளவை அறிய, மீந்திருக்கும் அமினோ முனைகளை, அவற்றோடு சேர்ந்து ஊதா நிறம் தரும் நின்ஹைட்ரினால் அளக்கலாம். ஜெனிபினைப் பயன்படுத்துவீர்களானால், அதன் நீல நிறம் நின்ஹைட்ரினின் ஊதா நிறத்தோடு கலந்து கணக்கைக் கெடுக்கும். நின்ஹைட்ரின் சேர்க்காத மணியை ஒப்பீட்டுக்கு உடன் வைத்துக் கழித்துவிடுங்கள்.

இந்த ஆய்வின் உயிர் வெளிவிடுதல் சோதனையில்தான் இருக்கிறது. மாணவர் ஆய்வேடுகளில் பெரும்பாலும் அமிலகார நிலையை மாறாமல் காக்கும் வெறும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் 37 பாகையில் மணிகளைப் போட்டு, வெளிவந்த மருந்தை அளந்து, அந்தக் கோட்டை, பரவலை அடிப்படையாகக் கொண்ட ஹிகுச்சியின் சமன்பாட்டில் பொருத்தி முடித்துவிடுகிறார்கள். புரத மணிக்கு அந்தக் கோடு பாதி உண்மையைக்கூடச் சொல்லாது. உடலில் மணியை அழிக்கும் நொதி அந்தக் குடுவைக்குள் இல்லை. ஒரே தொகுதி மணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெறும் தாங்கலிலும் மறு பாதியை, ஜெலட்டினை அறுக்கும் கொலாஜனேஸ் நொதி சேர்த்த தாங்கலிலும் வையுங்கள். முதல் குடுவையில், பிணையாத லைசோசைம் மட்டும் முதல் நாளில் வெளியேறிவிட்டுக் கோடு ஏறத்தாழத் தட்டையாகிவிடும் என்று எதிர்பார்க்கிறேன். இரண்டாவதில், மணி சிதையச் சிதையக் கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். செலவு கருதி டிரிப்சின் என்ற வேறு நொதியைப் பயன்படுத்தினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்துத்தான் சங்கிலியை அறுக்கும். லைசின்களைக் குளூட்டரால்டிஹைடு முன்பே மூடிவிட்டதால், மணி உண்மையில் இருப்பதைவிட அதிக நாள் தாங்குவதுபோல டிரிப்சின் காட்டும்.

வாரக்கணக்கில் 37 பாகையில் நிற்கும் ஜெலட்டின் பாக்டீரியாக்களுக்கு விருந்து. தாங்கலில் 0.02 விழுக்காடு சோடியம் அசைடு சேர்க்காவிட்டால், கிருமிகள் சுரக்கும் நொதியே மணியைக் கரைத்து, இல்லாத ஒரு முடிவை உங்களுக்குக் காட்டும். அசைடு கடும் நச்சு என்பதால் கையுறையோடு எடையிடுங்கள். கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேர்த்துக் கொடுங்கள். வெளிவந்த லைசோசைமை 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலால் அளக்கலாம். ஜெலட்டினில் டிரிப்டோஃபேன் இல்லாததாலும் டைரோசின் மிகக் குறைவாக இருப்பதாலும் அதன் குறுக்கீடு சிறிதே. ஆனால் நொதி சேர்த்த குடுவையில் கொலாஜனேஸும் உறிஞ்சும் என்பதால், மருந்தில்லாத மணியும் நொதியும் கொண்ட குடுவை ஒன்றைக் கழித்தலுக்கு வைத்தே ஆக வேண்டும். அதோடு நில்லாமல், மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக் கலங்கல் தெளியும் வேகத்தை 450 நானோமீட்டரில் அளந்து லைசோசைம் இன்னும் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். அளவு சரியாக இருந்து செயல் குறைந்திருந்தால், மணிக்குள் புரதம் உருக்குலைந்திருக்கிறது என்று பொருள்.

விலங்குச் சோதனை இந்தத் திட்டத்துக்குத் தேவையில்லை. பின்னாளில் உங்கள் வழிகாட்டி அதை விரும்பினால், விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற, அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் உள்ள இடத்தோடு சேர்ந்து செய்வதே முறை.

சோதனை முடியும் நாளில் குடுவையில் மீந்த மணிகளைக் கொட்டிவிடாதீர்கள். அவற்றை அதிக நொதி சேர்த்து முழுவதும் கரைத்து, உள்ளே தங்கிய லைசோசைமையும் அளந்து, வெளிவந்ததோடு கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் ஏற்றிய அளவுக்கு அது ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வராவிட்டால், குடுவைச் சுவரில் ஒட்டியதா, செயலிழந்ததா, கழுவும்போதே போய்விட்டதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பின்னரே விடுவிப்புக் கோட்டை ஆய்வேட்டில் சேருங்கள்.